ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஒரு நொடி செத்து அப்புறம் பிடிக்கிறது: 2002 சிட்டி விடெக்

பாளைவாசி:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் 2002 மாடல் ஹோண்டா சிட்டி 1.5 விடெக் இருக்கிறது, மேனுவல் கியர். நான்கு கதவு வண்டிதான், ஆனால் 106 குதிரைத்திறன், லேசான உடம்பு, மேல் ஆர்பிஎம்மில் அது பாடுகிற பாட்டு, இதையெல்லாம் அனுபவித்தவர்கள் இதை ஸ்போர்ட்ஸ் கார் என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படித்தான் சொல்வேன். விற்கும் எண்ணம் கிடையாது, அதனால் தயவுசெய்து "புது வண்டி வாங்கு" என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம்.

பிரச்சினை இதுதான். மூன்றாவது அல்லது நான்காவது கியரில் 2500, 3000 ஆர்பிஎம் அளவில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்ஸிலேட்டரை நன்றாக மிதித்தால் வண்டி உடனே இழுக்காமல் ஒரு நொடி செத்துப்போகிறது, அப்புறம் இரண்டு மூன்று தடவை விக்குகிறது, அப்புறம் பிடித்துக்கொண்டு போகிறது. மெதுவாக மிதித்தால் பெரும்பாலும் தெரியாது. ஐடிலிங் ஊசி அசையாமல் நிற்கிறது. நின்ற இடத்தில் ரேஸ் கொடுத்தாலும் சுத்தமாக ஏறுகிறது. ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தில் கொஞ்சம் வேகமாக ஏறினால் விக்கல் வரும். நான்குவழிச் சாலையில் நாங்குநேரி பக்கம் காற்றாலை இறக்கை ஏற்றிய நீள டிரெய்லரை முந்தப் போய் பாதியில் வண்டி செத்தது, அதிலிருந்து வீட்டில் யாரும் இதில் ஏற மாட்டேன் என்கிறார்கள்.

இதுவரை செய்தது: நான்கு பிளக்கும் புதிது. ஏர் ஃபில்டர் புதிது. த்ராட்டில் பாடி சுத்தம் செய்தாயிற்று. பெட்ரோல் ஃபில்டரும் மாற்றினார்கள். செக் இன்ஜின் லைட் எரியவில்லை. இப்போது பட்டறையில் முதலில் இன்ஜெக்டர் (பெட்ரோலைப் பீய்ச்சுவது) மாற்றலாம் என்றார்கள், அப்புறம் டிஸ்ட்ரிபியூட்டரை (நான்கு பிளக்குக்கும் பொறியைப் பங்கிட்டு அனுப்புவது) முழுதாக மாற்றிப் பார்க்கலாம் என்றார்கள், இன்னொரு இடத்தில் டேங்க் பம்ப் போய்விட்டது என்று உறுதியாகச் சொல்கிறார்கள். மூன்றையும் வாங்கினால் ஒரு நல்ல பைக் வாங்கும் காசு. எதையும் வாங்குவதற்கு முன்னால் எந்த வரிசையில் பார்க்க வேண்டும், எதை அளந்து பார்க்கலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மல்டிமீட்டர் இருக்கிறது, ஓரளவு கை வேலையும் வரும்.

மேலப்பாளையம் ரைடர்:

அண்ணாச்சி, பெட்ரோல்தான். இப்போது எல்லா பங்கிலும் 20 சதவீதம் எத்தனால் கலந்துதான் வருகிறது, 2002 வண்டி இதற்காகச் செய்ததே இல்லை. எத்தனால் தண்ணீரை இழுக்கும், தண்ணீர் டேங்க் அடியில் தங்கும், ஏற்றத்தில் அது ஆடி பம்புக்குள் போகும். டேங்கை இறக்கிக் கழுவுங்கள், ஒரு தடவை நல்ல பங்கில் எத்தனால் இல்லாத உயர்வகை பெட்ரோல் கிடைக்கிறதா என்று விசாரித்துப் போட்டுப் பாருங்கள். என் பைக்கும் இதே மாதிரி திணறிக்கொண்டிருந்தது, கார்பரேட்டரைக் கழுவியபின் சரியாயிற்று.

தென்காசி பட்டறை:

தம்பி, எழுதிய விதத்திலேயே பாதி வேலையை முடித்துவிட்டீர்கள். "ஐடிலிங் நன்றாக இருக்கிறது, நின்ற இடத்தில் ரேஸ் ஏறுகிறது, ஓடும்போது மிதித்தால் மட்டும் சாகிறது" என்றால் கோளாறு லோடு (இன்ஜினுக்கு வரும் பாரம்) ஏறும்போது மட்டும் வருகிறது. அப்படியானால் வண்டியை நிறுத்தி வைத்து எதைப் பார்த்தாலும் நல்லதாகத்தான் தெரியும். பட்டறையில் ஆளுக்கொன்று சொல்வதற்குக் காரணம் அதுதான், அவர்கள் நிற்கிற வண்டியைப் பார்க்கிறார்கள், உங்களுக்குக் கோளாறு வருவது ஓடுகிற வண்டியில்.

லோடில் மட்டும் சாகிற இன்ஜினுக்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது இரண்டு. ஒன்று ஸ்பார்க், இன்னொன்று பெட்ரோல் அளவு. உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். த்ராட்டிலைத் திறந்ததும் சிலிண்டருக்குள் நிறையக் காற்று போகிறது, அழுத்தம் கூடுகிறது, அந்த அழுத்தத்தில் பிளக் முனையில் பொறி தாவ அதிக வோல்டேஜ் தேவை. ஐடிலிங்கில் தாராளமாகத் தாவுகிற பொறி, மிதித்த நேரத்தில் தாவ முடியாமல் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் (கேப்) இருக்கும் கீறல் வழியாகவோ பிளக் வயரின் தோல் வழியாகவோ வேறு பக்கம் ஓடிவிடும். பெட்ரோல் பக்கமும் இதேதான். ஐடிலிங்குக்குத் தேவைப்படுவது ஒரு சொட்டு, மீதியெல்லாம் ரிட்டன் லைனில் டேங்குக்கே திரும்பிப் போகிறது, பாதி செத்த பம்ப்கூட அதற்குப் போதும். மிதிக்கும்போதுதான் அதன் சாயம் வெளுக்கும்.

எதையும் வாங்குவதற்கு முன் கீழே கேட்டிருப்பதற்குப் பதில் சொல்லுங்கள்.

விக்கும்போது ஆர்பிஎம் ஊசி மேலே ஓடுகிறதா, வேகம் மட்டும் ஏறாமல் நிற்கிறதா? அப்படியென்றால் கிளட்ச் நழுவுகிறது, இன்ஜினைத் தொடவே வேண்டாம். வண்டி குளிர்ந்திருக்கும்போதும் வருகிறதா, சூடானபின் மட்டுமா? 2500இல் விக்கி அப்புறம் பிடித்தபின் 5000க்கு மேல் போகும்போது வழக்கமான இழுவை இருக்கிறதா? இருக்கிறது என்றால் விடெக் சோலனாய்டை (வால்வுகளின் திறப்பை மாற்ற ஆயிலை விடும் மின்வால்வு) மறந்துவிடலாம், அது மேல் ஆர்பிஎம் சமாச்சாரம், ஆயில் குறைந்தாலோ அதன் சின்ன வலை அடைத்தாலோ மேலே இழுவை இருக்காது, 2500இல் விக்காது.

அப்புறம், யூட்யூபில் பார்த்துவிட்டு "ஏர் மாஸ் சென்சாரைக் கழுவு" என்று யாராவது சொல்வார்கள். இந்த வண்டியில் அது கிடையாது. இன்டேக் மேனிஃபோல்டில் இருக்கும் அழுத்தத்தையும் ஆர்பிஎம்மையும் வைத்துத்தான் எவ்வளவு பெட்ரோல் என்று கணக்குப் போடுகிறது. அதனால் ஏர் ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் இடையில் இருக்கும் ரப்பர் குழாயில் வெடிப்பு இருந்தாலும் இந்த மாதிரி விக்கல் வராது. த்ராட்டிலுக்குப் பின்னால் காற்று புகுந்தால் ஐடிலிங் ஏறும், உங்களுக்கு அது நன்றாக நிற்கிறது, அதையும் ஓரமாக வைக்கலாம்.

த்ராட்டில் பொசிஷன் சென்சாரை மட்டும் இன்றைக்கே பார்த்துவிடுங்கள், காசு செலவில்லை. சாவியை ஆன் செய்து, இன்ஜின் ஓடாமல், அதன் சிக்னல் வயரில் மீட்டரை வைத்தால் மூடிய நிலையில் சுமார் 0.5 வோல்ட் காட்டும், கையால் மெதுவாக முழுக்கத் திறந்தால் 4.5 வோல்ட் வரை போகும். நடுவில் எங்கேயாவது ஊசி பொத்தென்று விழுந்தால் அந்த இடத்தில் சென்சார் தேய்ந்துவிட்டது. டிஜிட்டல் மீட்டரில் இந்த விழுதல் தப்பிப்போகும், ஊசி மீட்டர் கிடைத்தால் அதை வைத்துப் பாருங்கள்.

எத்தனால் பற்றி மேலே தம்பி சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. சுத்தமான பெட்ரோலுக்கு ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று, 20 சதவீதம் கலந்தால் கிட்டத்தட்ட 13.5 தான் வேண்டும், அதாவது அதே காற்றுக்கு அதிக எரிபொருள் ஊற்ற வேண்டும். சாதாரண ஓட்டத்தில் ஆக்ஸிஜன் சென்சார் அதைப் பார்த்துச் சரிசெய்துவிடும், முழுக்க மிதிக்கும்போது கம்ப்யூட்டர் அந்தச் சென்சாரைக் கேட்பதில்லை, தன் பழைய கணக்கிலேயே ஊற்றும். அதனால் கொஞ்சம் பெட்ரோல் குறைச்சலாகவே எரியும். ஆனால் அதனால் மட்டும் ஒரு நொடி சாகாது. வேறொரு கோளாறு ஓரத்தில் நின்றுகொண்டிருந்தால் இது அதை வெளியே தள்ளிவிடும், அவ்வளவுதான்.

வள்ளியூர் காற்று:

பாளை அண்ணாச்சி, நீங்கள் நாகர்கோவில் பக்கம் போவதுண்டா? ஆனி ஆடியில் காவல்கிணறு தாண்டி முப்பந்தல் வழியாகப் போனால் ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து வரும் காற்று வண்டியை நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். அதே ரோடு, அதே நான்காவது கியர், அதே 80 கிலோமீட்டர் வேகம், ஆனால் போகும்போது இன்ஜினுக்கு லோடு அதிகம், திரும்பி வரும்போது காற்று முதுகில் இருப்பதால் லோடே இல்லை. போகும்போது மட்டும் விக்கி, திரும்பும்போது விக்கவில்லை என்றால் ஆர்பிஎம்முக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, லோடுதான் என்று எழுதிக் கையெழுத்துப் போடலாம். மலை ஏற வேண்டிய அவசியமே இல்லை, நம் ஊர்க்காற்றே சோதனை செய்து கொடுத்துவிடும்.

இன்னொன்று, சைலன்சர் லைனில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் உள்ளே உடைந்து அடைத்திருந்தாலும் மிதித்தால் போகாது. ஆனால் அது விக்காது, மூக்கை அடைத்த மாதிரி மேலே போகப் போக மந்தமாகும். மேலே நன்றாக இழுக்கிறது என்றால் அது இல்லை. சந்தேகம் இருந்தால் கன்வெர்ட்டருக்கு முன்னால் உள்ள ஆக்ஸிஜன் சென்சாரைக் கழற்றி அந்த ஓட்டையில் பிரஷர் கேஜ் போடலாம், 2500 ஆர்பிஎம்மில் 3 பிஎஸ்ஐ தாண்டக் கூடாது.

பாளைவாசி:

ரொம்ப நன்றி, இப்படி ஒரு பதிலைத்தான் எதிர்பார்த்தேன்.

தென்காசி அண்ணாச்சி கேட்டதற்குப் பதில்: விக்கும்போது ஆர்பிஎம் ஊசியும் சேர்ந்தே நடுங்குகிறது, தனியாக மேலே ஓடவில்லை, அதனால் கிளட்ச் இல்லை. குளிர்ந்த வண்டியில் குறைவு, ஓடி நன்றாகச் சூடானபின் அதிகம். பிடித்தபின் மேலே இழுவை ஓரளவு இருக்கிறது, முன்னைப் போல என்று சொல்ல முடியாது. த்ராட்டில் சென்சார் 0.48இல் தொடங்கி 4.4 வரை ஒரு இடத்திலும் விழாமல் ஏறியது.

வேலை விஷயமாக நாகர்கோவில் போய் வந்தேன், வள்ளியூர் அண்ணாச்சி சொன்னது அப்படியே நடந்தது. முப்பந்தலில் எதிர்காற்றில் நான்காவது கியரில் லேசாக மிதித்தாலே விக்கியது. திரும்பும்போது அதே இடத்தில் அதே வேகத்தில் நன்றாகவே மிதித்தும் ஒன்றும் இல்லை.

இன்னொன்று கவனித்தேன், இது முக்கியமா தெரியவில்லை. போகும்போது பகல், ஏசி போட்டிருந்தேன். திரும்பியது இருட்டியபின், பணகுடி வரை ஏசி இல்லை, காற்றும் முதுகில் இருந்தது, ஒன்றும் தெரியவில்லை. பணகுடி தாண்டி காற்று குறைந்த இடத்தில் பிள்ளைகள் கேட்டார்கள் என்று ஏசியைப் போட்டேன், ஹெட்லைட்டும் ஹைபீமில் எரிந்துகொண்டிருந்தது, அங்கே சமதரையிலேயே ஒரு லாரியை முந்தும்போது விக்கியது. ஏசி கம்ப்ரசரின் இழுவையாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

தென்காசி பட்டறை:

ஏசி கம்ப்ரசர் இந்த இன்ஜினுக்குப் பெரிய பாரம் கிடையாது. ஆனால் நீங்கள் சொன்னது முக்கியம், அதற்கு முன் ஸ்பார்க் பக்கத்தை முடித்துவிடுவோம், அது எளிது.

ராத்திரி இருட்டில், ஷெட்டுக்குள் லைட்டை அணைத்துவிட்டு, இன்ஜினை ஓடவிட்டு, பூவுக்குத் தண்ணீர் தெளிக்கிற ஸ்ப்ரேயரில் டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பிலும் பிளக் வயர்களிலும் பனி மாதிரி தெளியுங்கள். எங்கேயாவது நீலப் பொறி ஓடினால் கண்ணுக்குத் தெரியும், இன்ஜினும் உடனே தடுமாறும். கையை வைக்க வேண்டாம், இந்த வோல்டேஜ் விளையாட்டு இல்லை. அப்புறம் வண்டியை அணைத்து ஒவ்வொரு பிளக் வயரையும் கழற்றி ஓம்ஸ் பாருங்கள், 25 கிலோ ஓம் தாண்டினால் அந்த வயர் வேண்டாம். கேப்பைக் கழற்றி உள்ளே பென்சிலால் கோடு போட்ட மாதிரி கரிக்கோடு இருக்கிறதா பாருங்கள், உள்ளே சுழலும் ரோட்டரின் முனை எரிந்து வெள்ளையாகக் குழிந்திருக்கிறதா பாருங்கள். புதுப் பிளக்கின் இடைவெளி 1.0 முதல் 1.1 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும், புதியது என்பதால் சரியாக இருக்கும் என்று நம்ப வேண்டாம், கீழே விழுந்த பிளக்கையும் டப்பாவில் போட்டு விற்கிறார்கள்.

செக் லைட் எரியவில்லை என்றாலும் கம்ப்யூட்டரில் கோளாறு எண் பதிவாகியிருக்கலாம். இந்தியாவில் ஓபிடி (வண்டியே தன் கோளாறைக் கண்டுபிடித்துப் பதிவு செய்யும் முறை) கட்டாயமானது 2010 முதல்தான், அதனால் உங்கள் வண்டியில் இப்போதைய சின்ன புளூடூத் ஸ்கேனர் பேசாவிட்டால் ஆச்சரியப்பட வேண்டாம். அந்தக் கால ஹோண்டாக்களில் டேஷ்போர்டுக்கு அடியில் சும்மா தொங்கும் இரண்டு பின் சர்வீஸ் கனெக்டர் ஒன்று இருக்கும். அந்த இரண்டு பின்னையும் ஒரு வயரால் இணைத்துச் சாவியை ஆன் செய்தால் செக் லைட் கண்சிமிட்டும். நீளமான சிமிட்டல் ஒன்றுக்குப் பத்து, குட்டையானதற்கு ஒன்று என்று எண்ணிக் கூட்டுங்கள். 3 என்றால் மேனிஃபோல்ட் அழுத்த சென்சார், 7 என்றால் த்ராட்டில் சென்சார். எதுவும் சிமிட்டாமல் ஒரே சீராக எரிந்தால் பதிவு இல்லை. மூன்று பின் இருக்கும் கனெக்டரைத் தொட வேண்டாம், அது வேறு.

இதெல்லாம் சுத்தம் என்றால் பெட்ரோல் பிரஷரை ஓடும் வண்டியில் பார்க்க வேண்டும். நிற்கும் வண்டியில் பார்த்து "பிரஷர் ஓகே" என்று சொன்னால் நம்பாதீர்கள்.

பேட்டை எலக்ட்ரிக்:

நடுவில் புகுகிறேன், மன்னிக்கணும். நான் ஆட்டோ எலக்ட்ரீஷியன், பேட்டையில் கடை. அண்ணாச்சி சொன்ன அந்த ஹெட்லைட், ஏசி விஷயத்தைப் படித்ததும் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. ஏசி போட்டால் கம்ப்ரசர் மட்டும் ஓடுவதில்லை. முன்னால் ஃபேன் ஓடுகிறது, உள்ளே புளோயர் ஓடுகிறது, ஹெட்லைட்டையும் சேர்த்தால் மொத்தம் 35, 40 ஆம்பியர் பாடி வழியாக பேட்டரி நெகடிவுக்குத் திரும்புகிறது. பெட்ரோல் பம்பும் அதே பாடியைத்தான் எர்த்தாக, அதாவது கரண்ட் திரும்பும் வழியாக, வைத்திருக்கிறது.

பாடியிலிருந்து பேட்டரிக்கும் இன்ஜினுக்கும் போகிற எர்த் கேபிள் போல்ட் துருப்பிடித்து, அந்த இடத்தில் வெறும் 0.05 ஓம் தடை வந்துவிட்டது என்று வையுங்கள். பம்ப் மட்டும் ஓடும்போது 5 ஆம்பியர், அதாவது கால் வோல்ட்தான் போகும், பம்புக்கு ஒன்றும் ஆகாது. எல்லாவற்றையும் போட்டு 40 ஆம்பியர் ஓடும்போது அதே போல்ட்டில் 2 வோல்ட் போய்விடும். பேட்டரியில் 13.8 இருக்கும், பம்ப் முனையில் 11.8 தான் வரும். இருபது வருஷம் ஓடிய பம்ப் 13 வோல்ட்டில் தள்ளுகிற பெட்ரோலை 11.8இல் தள்ளாது. ஓம்ஸ் வைத்து இதைப் பிடிக்கவே முடியாது, 0.05ஐ உங்கள் மீட்டர் காட்டாது, மீட்டர் வயரின் தடையே அதைவிட அதிகம். கரண்ட் ஓடும்போது வோல்ட் வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

எப்படி என்றால், பின் சீட்டைக் கழற்றினால் பம்ப் கனெக்டர் கிடைக்கும். ஒரு நீளமான வயரை பேட்டரி நெகடிவ் முனையில் மாட்டி ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்து மீட்டரின் கறுப்பு முனையில் சேருங்கள். சிவப்பு முனையை பம்பின் எர்த் பின்னில் வையுங்கள். இன்ஜின் ஓடட்டும். எல்லாம் ஆஃப் செய்து ஒரு அளவு, ஹெட்லைட், ஏசி, புளோயர் எல்லாம் போட்டு ஒரு அளவு. 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. கூடினால் அப்புறம் சிவப்பு முனையை பம்பிலிருந்து எடுத்து பக்கத்தில் பெயின்ட் சுரண்டிய பாடியில் வையுங்கள். அங்கேயும் அதே வோல்ட் காட்டினால் பம்ப் எர்த் நல்லது, முன்னால் பேட்டரி பக்கம்தான் கோளாறு. பாடியில் காட்டாமல் பம்ப் பின்னில் மட்டும் காட்டினால் பம்பின் எர்த் போல்ட்.

எர்த் போல்ட்டைச் சுத்தம் செய்ய உப்புத்தாள் போதும். அதற்காக யாரும் புது பம்ப் வாங்கிக் காசைக் கொட்ட வேண்டாம் என்பதற்காகத்தான் இவ்வளவு எழுதினேன்.

தென்காசி பட்டறை:

பேட்டை தம்பி சொன்னது ரொம்பச் சரியாகப் படுகிறது, ஸ்பார்க்கைவிட இதுதான் முன்னால் நிற்கிறது. ஆனாலும் பிரஷர் கேஜ் போட்டுப் பார்த்துவிடுங்கள், வோல்ட் குறைவதையும் பெட்ரோல் குறைவதையும் ஒன்றாகப் பார்த்தால்தான் காரணம் உறுதியாகும்.

இன்ஜின் ரூமில் இருக்கும் பெட்ரோல் ஃபில்டர் தலையில் பெரிய போல்ட்டின் மேல் ஒரு சின்ன சர்வீஸ் போல்ட் இருக்கும், கேஜ் அங்கேதான் மாட்ட வேண்டும். இன்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும் தொடுங்கள், பேட்டரி நெகடிவைக் கழற்றுங்கள், டேங்க் மூடியைத் திறந்து வையுங்கள், கனமான துணியைப் போர்த்திக்கொண்டு அந்தச் சின்ன போல்ட்டை மெதுவாக ஒரு சுற்று மட்டும் தளர்த்துங்கள், பிரஷர் துணியில் இறங்கட்டும். தீயணைப்பான் பக்கத்தில் இருக்கட்டும், பீடி சிகரெட் ஆட்கள் தெருக்கோடியில் இருக்கட்டும். திரும்ப மாட்டும்போது வாஷர் புதிது போட வேண்டும், பழையதைப் போட்டால் கசியும்.

கேஜை வண்டிக்குள் கொண்டுவரவே கூடாது. குழாயை பானட் பின் இடுக்கு வழியாக வெளியே எடுத்து, கேஜை வெளிப்பக்கக் கண்ணாடியில் வைப்பருக்குப் பக்கத்தில் டேப் போட்டு ஒட்டுங்கள். ஓட்டுபவர் ரோட்டைப் பார்க்கட்டும், பக்கத்தில் உட்காருபவர் கேஜைப் பார்க்கட்டும். ஐடிலிங்கில், பெட்ரோல் பிரஷரைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் வேக்யூம் குழாய் மாட்டியிருக்கும்போது இரண்டரை பார் பக்கம் நிற்கும், மிதித்தால் வேக்யூம் போய்விடும், பிரஷர் ஏறி 3 பார் பக்கம் வர வேண்டும். மிதிக்கும்போது ஏறுவதற்குப் பதில் இறங்கினால் விஷயம் முடிந்தது. அப்படியே அந்த வேக்யூம் குழாயைப் பிடுங்கி மோந்து பாருங்கள், பெட்ரோல் வாடை அடித்தால் ரெகுலேட்டர் உள்ளே கிழிந்திருக்கிறது.

பாளைவாசி:

எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்துவிட்டேன், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பின்னால் யாருக்காவது உதவும்.

ஸ்ப்ரே சோதனையில் ஒரு பொறியும் இல்லை. பிளக் வயர்கள் எல்லாம் 25க்குக் கீழேதான். கேப் உள்ளே கரிக்கோடு இல்லை, ரோட்டர் முனை கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. சர்வீஸ் கனெக்டரை இணைத்ததில் செக் லைட் சீராக எரிந்தது, கோளாறு எண் எதுவும் இல்லை. வேக்யூம் குழாயில் வாடை இல்லை.

கேஜை மச்சான் வாடகைக்கு வாங்கிவந்தான். ஏற்றத்துக்காக செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு ரோட்டில் போனோம், சாரல் இருந்ததால் வெயில் இல்லை. ஏசி, லைட் எதுவும் இல்லாமல் மூன்றாவது கியரில் மிதித்தபோது 2.8 வரை ஏறியது, லேசாக ஒரு விக்கல் மட்டும். அதே ஏற்றத்தில் ஹெட்லைட், ஏசி, புளோயர் மூன்றையும் போட்டு மிதித்ததும் கேஜ் ஏறாமல் 2க்கு வந்தது, வண்டி அப்படியே செத்துச் செத்துப் பிடித்தது. கேஜ் விழும்போதுதான் பெரிதாக விக்குகிறது.

வீட்டுக்கு வந்து பேட்டை அண்ணாச்சி சொன்ன மாதிரி மீட்டர் வைத்தேன். பம்ப் எர்த் பின்னில் எல்லாம் ஆஃப் என்றால் 0.3, எல்லாம் ஆன் என்றால் 1.9. பக்கத்து பாடியிலும் கிட்டத்தட்ட அதே 1.8. அப்படியானால் முன்பக்கம். பேட்டரியைத் தூக்கி அடித்தட்டைக் கழற்றினால், நெகடிவ் கேபிள் பாடியில் மாட்டியிருக்கும் இடம் பச்சையும் வெள்ளையுமாகப் பொருமிப் போயிருந்தது, எப்போதோ ஆசிட் வழிந்திருக்கிறது. போல்ட் பாதி தின்றுபோயிருந்தது. புது போல்ட் போட்டு, பாடியில் இரும்பு தெரியும்வரை சுரண்டி, கேபிள் முனையையும் தேய்த்து, இறுக்கியபின் மேலே கிரீஸ் பூசினேன். இன்ஜினிலிருந்து பாடிக்கு வரும் பின்னல் பட்டையையும் அப்படியே கழற்றிச் சுத்தம் செய்தேன்.

இப்போது எல்லாம் ஆன் செய்தாலும் 0.15 வோல்ட். கேஜ் மிதித்ததும் 3ஐத் தொடுகிறது. ஈரடுக்கு மேம்பாலத்தில் மூன்றாவது கியரில் ஏசியோடு ஏறினேன், ஒரு விக்கல் இல்லை, மேலே இழுவையும் பழையபடி வந்துவிட்டது. ஹெட்லைட் வெளிச்சமும் கூடியிருக்கிறது. பம்ப் வாங்கவில்லை, இன்ஜெக்டர் வாங்கவில்லை, ரோட்டர் மட்டும் மாற்றப்போகிறேன்.

தென்காசி அண்ணாச்சி, ஒரு சந்தேகம். 3 பாருக்குப் பதில் 2 பார் என்றால் அவ்வளவு வித்தியாசமா?

தென்காசி பட்டறை:

ரொம்ப சந்தோஷம் தம்பி. வித்தியாசம் பெரிதுதான். இன்ஜெக்டரில் வருகிற அளவு பிரஷரின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. மூன்றில் இரண்டு பங்கு பிரஷர் என்றால் பெட்ரோல் 82 சதவீதம்தான் வரும். கம்ப்யூட்டர் 3 பார் இருக்கிறது என்று நம்பித்தான் இன்ஜெக்டரைத் திறக்கிறது, அதற்குத் தெரியாமல் 18 சதவீதம் குறைந்துவிடுகிறது. மிதிக்கும்போது கொஞ்சம் அதிகமாகவே பெட்ரோல் கேட்கிற நேரம் அது. மேலப்பாளையம் தம்பி சொன்ன எத்தனால் பங்கும் அதன் மேல் சேரும். அதனால்தான் அப்படிச் செத்தது.

மேலப்பாளையம் ரைடர்:

சரியானது நல்லது அண்ணாச்சி. ஆனாலும் டேங்கிலிருந்து வருகிற ரப்பர் குழாய்களை ஒரு தடவை பார்த்துவிடுங்கள், பழைய ரப்பரை இந்தப் பெட்ரோல் ஊறவைத்து வெடிக்கவிடுகிறது, இன்ஜின் மேல் ஒழுகினால் விக்கலோடு நிற்காது.

தென்காசி பட்டறை:

இதை முழுக்க ஒத்துக்கொள்கிறேன். விரலால் மடக்கிப் பாருங்கள், வெடிப்பு தெரிந்தாலோ ஒட்டினாலோ மாற்றிவிடுங்கள். எத்தனால் தாங்கும் இன்ஜெக்ஷன் குழாய் என்று கேட்டு வாங்க வேண்டும், கார்பரேட்டர் வண்டிக்கான மெல்லிய குழாய் 3 பாரைத் தாங்காது. ஊரில் கிடைக்காவிட்டால் மதுரையிலோ சென்னை ஜி.பி. ரோட்டிலோ கிடைக்கும்.

பேட்டை எலக்ட்ரிக்:

அண்ணாச்சி, 0.15 அருமையான அளவு. இன்னும் ஒன்று பாக்கி. பம்பின் பாசிடிவ் பக்கத்தையும் அளந்துவிடுங்கள், மீட்டரின் ஒரு முனை பேட்டரி பாசிடிவில், இன்னொன்று பம்ப் கனெக்டரின் பாசிடிவில், இன்ஜின் ஓடும்போது. அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும், பம்புக்குக் கரண்ட் கொடுக்கும் மெயின் ரிலேயைக் கழற்றித் திறந்து பாருங்கள். அந்தக் கால ஹோண்டாக்களில் அதன் சால்டர் நம் வெயிலில் வளையம் வளையமாக வெடிக்கும், மத்தியான வெயிலில் நிறுத்திய வண்டி ஸ்டார்ட் ஆகாமல் சாயங்காலம் ஆகும். பூதக்கண்ணாடியில் பின்களைச் சுற்றி மெல்லிய கறுப்பு வளையம் தெரிந்தால் பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாகச் சால்டர் வைக்கவும். பேட்டரித் தட்டில் ஆசிட் வழிந்தது ஏன் என்றும் பாருங்கள், சார்ஜிங் 14.8க்கு மேல் போகிறதா என்று 2000 ஆர்பிஎம்மில் ஒரு தடவை மீட்டர் வையுங்கள். போனால் ஆல்டர்நேட்டர் ரெகுலேட்டர், வண்டியைக் கொண்டுவாருங்கள்.